நன்கொடை கொடுக்கும் முன், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள்

கட்டற்ற மென்பொருளுக்கு வருஷத்துக்கு ஐயாயிரம் ரூபாய் ஒதுக்கலாம் என்று முடிவு செய்கிறவர்கள், முதலில் ஞாபகத்துக்கு வரும் பெயருக்கே கொடுத்துவிடுகிறார்கள். ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ், விஎல்சி. நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பணம் நிரல் எழுதுகிறவர் கைக்குப் போகிறதா? அதைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஃபயர்பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்குவது மொசில்லா கார்ப்பரேஷன். நன்கொடை வாங்குவது மொசில்லா ஃபவுண்டேஷன். நன்கொடை இணைய உரிமைப் பிரசாரம் மாதிரியான பணிகளுக்குப் போகிறது. உலாவியின் செலவைத் தேடுபொறி ஒப்பந்தங்கள், முக்கியமாக கூகுள் தரும் பணம், பார்த்துக்கொள்கின்றன. அந்தப் பிரசாரம் உங்களுக்கு முக்கியம் என்றால் தாராளமாகக் கொடுங்கள், உலாவிக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடுக்காதீர்கள். அதே குடும்பத்துத் தண்டர்பேர்ட் நேர்மாறு. 2020 முதல் தனி நிறுவனமாக, ஏறக்குறைய முழுக்கப் பயனர்களின் நன்கொடையில் ஓடுகிறது. 2022ல் மட்டும் 64 லட்சம் டாலர் சேர்ந்தது. அங்கே போடும் பணம் நேரே மின்னஞ்சல் செயலியின் வேலைக்குப் போகிறது.

லிப்ரே ஆபீஸ் இரண்டுக்கும் நடுவில். நிரலில் பெரும்பங்கு கொலாபோரா போன்ற நிறுவனங்களின் ஊழியர்கள் எழுதுவது. பெர்லினில் உள்ள டாக்குமென்ட் ஃபவுண்டேஷனுக்குப் போகும் நன்கொடை சர்வர்கள், தரச்சோதனை, மொழிபெயர்ப்பு ஏற்பாடுகள் என்று செலவாகிறது. சில ஆண்டுகளாக அவர்களே உருவாக்குநர்களையும் வேலைக்கு வைக்கிறார்கள். 2023ல் எடுத்தவர்களில் ஒருவரின் பொறுப்பு, வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளும் சிக்கலான எழுத்துமுறைகளும். அந்த இரண்டாவது வகையில் தமிழும் அடக்கம். நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் செயலிகளைவிட எனக்குக் கவலை, அவற்றுக்கு அடியில் கிடக்கும் சின்னச் சின்ன நூலகங்கள் (பல செயலிகள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) பற்றித்தான். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, இணையத்தின் பெரும்பகுதியைப் பூட்டிக் காத்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேர ஆள் ஒருவர். அதே ஆண்டு ஜனவரியில் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம் 20,000 டாலர் மின்கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்றது. தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உலகத்துச் சர்வர்களெல்லாம் நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சைத் தருவது அவர்கள்தான். அதற்குக் கொடுக்க நினைத்தால் ஓப்பன்பிஎஸ்டி ஃபவுண்டேஷனுக்குக் கொடுக்க வேண்டும்.

2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்குள் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழைய ரகசிய வழி) வைக்கப்பட்டது தெரியவந்தது. எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதை ஒரு உருவாக்குநர் கவனித்ததால்தான் சிக்கியது. அதைத் தனியாளாகப் பராமரித்தவர், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022லேயே எழுதியிருந்தார். உதவிக்கு வந்தவர்போல வந்த ஆளே கதவை வைத்தார். மாதம் ஐந்நூறு டாலர் வந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். களைத்துப்போனவருக்குத் தேவைப்பட்டது நம்பகமான இன்னொரு ஆள். அதனால், இரண்டாவது பராமரிப்பாளரின் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கிற திட்டங்களுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

ஒரு திட்டத்தை எத்தனை பேர் தாங்குகிறார்கள் என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. திட்டத்தின் நிரற்களஞ்சியத்தை இறக்கி, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் 'கிட் ஷார்ட்லாக்' கட்டளையை ஓராண்டு வரம்போடு ஓட்டினால் யார் எத்தனை கமிட் (பதிவான மாற்றம்) என்று வரிசையாக வரும். பத்தில் ஒன்பது ஒரே பெயரில் இருந்தால், அவர் பணம் ஏற்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் திட்டக் கோப்புறைக்குள் 'என்பிஎம் ஃபண்ட்' என்று அடித்தால், நிதி கேட்கும் தொகுப்புகள் முகவரியோடு பட்டியலாகும். கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அதில் வரமாட்டார்கள், மறந்துவிடாதீர்கள். ஓப்பன் கலெக்டிவ் என்ற நன்கொடைத் தளத்தில் இருக்கும் திட்டம் என்றால் வரவு, செலவு, இருப்பு எல்லாம் பொதுவெளியில் கிடக்கிறது. இருப்பு ஏறிக்கொண்டே போய், செலவே இல்லை என்றால் அங்கே பணம் தூங்குகிறது. வேறு இடம் பாருங்கள்.

யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும் பழைய பட்டியல்களை நம்பாதீர்கள். 2015ல் நூபிஜி என்ற மறையாக்கக் கருவியின் தனி உருவாக்குநர் பணமில்லாமல் தவிப்பது செய்தியானதும் ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலர் வீதம் அறிவித்தன. இன்றும் பல பட்டியல்களில் அதன் பெயர் இருக்கிறது. ஆனால் வணிக வாடிக்கையாளர்கள் கிடைத்துவிட்டதால், நன்கொடையை நிறுத்தித் தேவையுள்ள வேறு திட்டங்களுக்குக் கொடுங்கள் என்று 2022 ஜனவரியில் அவர்களே கேட்டுக்கொண்டார்கள். எவ்வளவு நேர்மை!

தொகையைப் பத்தாகப் பிய்க்காதீர்கள். அமெரிக்காவில் வழக்கமான கார்டு கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். மாதம் ஒரு டாலர் கொடுத்தால் ஆண்டுக்கு 12 டாலரில் ஏறக்குறைய 4 டாலர் கட்டணமாகவே போய்விடும். அதே 12 டாலரை ஒரே தடவையாகக் கொடுத்தால் 65 சென்ட்தான். மாதாமாதம் வருகிற பணத்தை வைத்துத்தான் ஒரு திட்டம் ஆளுக்குச் சம்பளம் பேச முடியும் என்பது உண்மை. அதைச் செய்ய விரும்பினால் ஒரே திட்டத்துக்கு ஐந்து, பத்து டாலராகச் செய்யுங்கள்.

இந்தியாவிலிருந்து கொடுக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகக் கழியும் தொகைக்கு முன்கூட்டியே இ-மேண்டேட் (இணையவழி ஒப்புதல்) பதிவு வேண்டும். வெளிநாட்டுத் தளங்கள் பலவும் அந்த ஏற்பாட்டுக்குள் இல்லாததால், முதல் மாதம் போகும், இரண்டாம் மாதம் வங்கி மறுத்துவிடும். நீங்கள் கொடுத்துக்கொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு தேதி குறித்து, கையால் ஒரே தடவை செலுத்துவதே மேல். அந்நியச் செலாவணிக்காக வங்கி பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் எடுக்கும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுப்பதற்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது.

ஐயாயிரம் ரூபாய்க்கு என் கணக்கு இரண்டே இரண்டு: தினமும் கண்ணால் பார்க்கும் செயலி ஒன்று, அடியில் கிடக்கும் நூலகம் ஒன்று. இரண்டாவதுக்கு எஃப்எஃப்எம்பெக் நல்ல தேர்வு. வீடியோவைத் தொடும் மென்பொருள் எதைத் திறந்தாலும் உள்ளே அது இருக்க வாய்ப்பு அதிகம். அதன் பணத்தையும் டெபியன் என்ற இயங்குதளத்தின் பணத்தையும் வைத்திருப்பது சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரெஸ்ட் (எஸ்பிஐ) என்ற அமெரிக்க அமைப்பு. நிர்வாகத்துக்கு 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. கிட், இங்க்ஸ்கேப் (படம் வரையும் செயலி) போன்றவற்றின் பணத்தை வைத்திருக்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி 10 சதவீதம் எடுக்கிறது. கணக்கு வழக்கு, வரித்தாக்கல், சட்டவேலை எல்லாம் அவர்கள் பார்ப்பதால் இந்தப் பிடித்தம் நியாயமானது. இப்படிப் பல திட்டங்களுக்குப் பொதுவான அமைப்பு வழியாகக் கொடுக்கும்போது, எந்தத் திட்டத்துக்கு என்று மறக்காமல் குறிப்பிடுங்கள்; விட்டுவிட்டால் பணம் அமைப்பின் பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும்.