ஒரு நாட்டின் நாக்கை மாற்றுவது யார்?

'உலகின் விசித்திர உணவுகள்' என்று படங்களைத் தொகுத்துப் போடும் பதிவுகள் எனக்கு அறவே பிடிப்பதில்லை. அடுத்தவர் தட்டைப் பார்த்து முகம் சுளிக்க வைப்பதுதான் அவற்றின் ஒரே வேலை. அந்தத் தட்டுக்கு அந்த உணவு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று கோபே மாட்டிறைச்சிக்கு உலகெங்கும் பெயர். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலான ஜப்பானியருக்கு மாட்டிறைச்சிதான் அருவருப்பான உணவு. கி.பி. 675இலேயே தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் சில மாதங்களில் உண்ணக் கூடாதென்று ஆணையிட்டிருந்தார். பௌத்தம் அந்த விலக்கை இன்னும் ஆழமாக்கியது. 1872 தொடக்கத்தில் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியானது. மேலை நாட்டவரைப் போல உடல்வலிமையும் படைவலிமையும் வேண்டும் என்று அரசு போட்ட கணக்கு அது. கொதித்துப்போன துறவிகள் சிலர் அரண்மனைக்குள் நுழைய முயன்றார்கள். அவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

திமிங்கிலத்துக்காக ஜப்பானை ஏசுகிறவர்கள் 1946ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். போரில் தோற்று நாடே பட்டினி கிடந்தது. அண்டார்டிகக் கடலுக்குத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் போக அனுமதி தந்தவர், தோற்ற ஜப்பானை அப்போது நிர்வகித்த அமெரிக்கத் தளபதி மெக்கார்தர். கடலோர ஊர்கள் சிலவற்றில் பல நூற்றாண்டுகளாக இருந்த உணவு, பள்ளி மதிய உணவு வழியாக நாடு முழுவதும் பரவியது இதற்குப் பிறகுதான். திமிங்கில வேட்டையை நான் ஆதரிக்கவில்லை. பசித்த பிள்ளைகளுக்குப் போட்ட சோற்றை ஓர் இனத்தின் குரூரமாகப் பேசுவதைத்தான் எதிர்க்கிறேன்.

அதே மதிய உணவில் ரொட்டியும் பால்பவுடரில் கரைத்த பாலும் வந்தன. 1956 முதல், அடுப்பு பொருத்திய பஸ்கள் ஊர் ஊராகப் போய்க் கோதுமை மாவுச் சமையலைச் செய்து காட்டின. அதற்குப் பணம் கொடுத்தவர்கள், தங்கள் கோதுமைக்குச் சந்தை தேடிய அமெரிக்க விவசாயிகளின் அமைப்பினர். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. உதவி என்ற பெயரில் வருவது வயிற்றோடு நிற்பதில்லை, பிள்ளைகளின் நாக்கையும் பழக்கிவிடுகிறது. நாக்கு பழகிய பிறகு சந்தை தானாக வந்து சேரும்.

1962இல் ஒரு ஜப்பானியர் ஆண்டுக்கு ஏறத்தாழ 118 கிலோ அரிசி உண்டார். இன்று அதில் பாதிகூட இல்லை. வருமானம் உயர்ந்தது, இறைச்சியும் எண்ணெயும் மலிந்தன, வேலைக்குப் போகும் பெண்களுக்குக் காலையில் சோறு வடிக்க நேரமில்லை, இவையெல்லாம் காரணங்கள்தாம். ஆனாலும் அரிசி விளையும் நாட்டின் பள்ளிகளில் சோறு முறையாக மதிய உணவானது 1976இல்தான். அதுவும் விற்காத அரிசி கிடங்குகளில் தேங்கிய பிறகு. அதற்குள் ரொட்டியில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றோராகிவிட்டிருந்தார்கள்.