ஆட்சி மாறினால் கூகுள் வழக்கு காணாமல் போகுமா?

"அமெரிக்காவில் டிரம்பின் குடியரசுக் கட்சி ஜெயித்தால் டெக் நிறுவனங்கள் மீதான ஏகபோக வழக்குகள் எல்லாம் வாபஸ், கண்ணை மூடிக்கொண்டு பங்கு வாங்கலாம்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தப்பு.

கூகுள் தேடல் வழக்கை அமெரிக்க அரசின் நீதித்துறை அமைச்சகம் போட்டதே 2020 அக்டோபரில், டிரம்ப் ஆட்சியில்தான். ஃபேஸ்புக் மீதான வழக்கும் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. பைடன் காலத்திலும் இரண்டும் நடந்தன, டிரம்ப் திரும்பி வந்த பிறகு 2025 ஏப்ரலில் மெட்டா (ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம்) மீதான விசாரணையே தொடங்கியது, யாரும் வாபஸ் வாங்கவில்லை. அந்த வழக்கில் நவம்பரில் மெட்டா ஜெயித்தது, ஆனால் அது நீதிபதியின் தீர்ப்பு, வெள்ளை மாளிகை செய்த உபகாரம் இல்லை. கூகுளும் அப்படித்தான்: 2024 ஆகஸ்டில் சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பு, 2025 செப்டம்பரில் தன் குரோம் உலாவியை விற்கத் தேவையில்லை என்று உத்தரவு. மறுநாளே கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் பங்கு எகிறியது, அன்றைக்குத் தேர்தல் எதுவும் கிடையாது!

சரி, அரசியலுக்குப் பங்கே இல்லையா? உண்டு. அதிகாரிகளை நியமிப்பது, சமரசத்துக்கு இறங்கி வருவது, நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைவதை எவ்வளவு கெடுபிடியாகப் பார்ப்பது எல்லாம் ஆட்சியைப் பொறுத்து மாறும்.

கூகுள் வழக்கை அந்த அமைச்சகத்தின் இணையதளத்திலும், இரண்டு வழக்குகளையும் அந்தந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் சட்ட நடவடிக்கைகள் பகுதியிலும் நீங்களே பார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், குடும்பக் குரூப்பில் வந்தால் இதைப் பதிலாகப் போடுங்கள்.