கோவா இருக்கட்டும், ஒரு ராத்திரி காரைக்காலில் தங்குங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான். கோவாவா, புதுச்சேரியா, வர்க்கலாவா? கேட்பவர் யாரென்று பார்த்தால் கும்பகோணத்துக்காரர், மன்னார்குடிக்காரர், திருவாரூர்க்காரர். பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் கடலைப் பார்த்துவிடலாம். ஆனாலும் "கடலும் வேணும், சுத்திப் பார்க்க ஊரும் வேணும்" என்று மாநிலம் தாண்டி ரூம் தேடுகிறார்கள். அவர்கள் கேட்கிற இரண்டும் சேர்ந்து நம் வாசலிலேயே கிடக்கிறது என்பதுதான் என் கட்சி.

கணக்குப் பாருங்கள். பூம்புகாரில் தொடங்கிக் கடலோரமாக வேளாங்கண்ணி வரை கூடக்குறைய 70 கிலோமீட்டர். இதற்குள் சோழர் துறைமுகம், டேனிஷ்காரன் கோட்டை, பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், நாகூர் தர்கா, வேளாங்கண்ணிப் பேராலயம் எல்லாம் வந்துவிடுகின்றன. போர்த்துகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர்கள் பிடுங்கி, 1781இல் ஆங்கிலேயரிடம் தோற்ற நாகப்பட்டினமும் நடுவில் இருக்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் இத்தனை பேர் வந்துபோன கரை வேறெங்கே இருக்கிறது?

நாம் இதை என்ன செய்து வைத்திருக்கிறோம்? வேன் பிடிக்கிறோம். விடியற்காலை திருநள்ளாறு நளன் குளம், பத்து மணிக்கு நாகூர், மதியம் வேளாங்கண்ணி, மூன்று மணி வெயிலில் அரைமணி நேரம் அலையில் கால், ராத்திரி வீடு. கடலுக்கு நாம் ஒதுக்குவது கடல் இருப்பதிலேயே மோசமாக இருக்கும் நேரத்தை. அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர் வெந்துகொண்டிருக்கும்போதுகூட இந்தக் கரையில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். தரை சூடாகி மேலே போகும் காற்றின் இடத்தைப் பிடிக்கக் கடலிலிருந்து காற்று வருகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) பலமாக வீசும் நாளில் மட்டும் அது தாமதமாகும், அன்றைக்குப் புழுங்கித் தொலைக்கும். மற்றபடி சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரைதான் இந்த ஊர்களின் நேரம். அந்த நேரத்தில் நம் வேன் திருவாரூர் தாண்டித் திரும்பிக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்துப் பூம்புகாரில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. சித்திரைப் பௌர்ணமிக்கு இந்திரவிழா எடுத்தார்கள், கோடை விழாதான். பகலுக்கு நாளங்காடி, ராத்திரிக்கு அல்லங்காடி. விழா முடிந்து கோவலனும் மாதவியும் கடலாடப் போகும் இடத்தில் சிலப்பதிகாரம் கரையிலுள்ள விளக்குகளை ஒவ்வொன்றாக அடுக்கும். பூவும் சாந்தும் விற்பவர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு. கடற்கரையும் கடைத்தெருவும் ஒன்றாகக் கலந்த ஊர். (அந்தச் சுற்றுலா சண்டையில் முடிந்தது வேறு கதை. குடும்பத்தோடு போகிறவர்கள் பாட்டுப் பாடுவதில் ஜாக்கிரதை.) இன்றைய பூம்புகாரில் அந்த ஊர் இல்லை. 1973இல் கட்டிய ஏழுநிலை மாடக் கலைக்கூடமும் காவிரி கடலில் சேரும் இடமும்தான். மே மாதத்தில் அங்கே காவிரி என்று சொல்லிக்கொள்ளத் தண்ணீர்கூட இருக்காது. ஒரு மணி நேரம் போதும்.

தரங்கம்பாடிக்கு நாலு மணிக்கு மேல் போங்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. 1845இல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஊரையே விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கேதான் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். நுழைவாயிலைத் தாண்டி உள்ளே நடந்தால் ஒரு தெருவுக்குள்ளேயே தேவாலயங்கள், பழைய மாளிகைகள், கடைசியில் கோட்டை. கோட்டை முன்னால் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாண்டியர் எடுத்தது. முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. இந்த ஊரைப் பற்றி "உலகத்திலேயே ஓசோன் அதிகமுள்ள கடற்கரை" என்று ஒரு பேச்சு உண்டு. தயவுசெய்து நம்பாதீர்கள். மூச்சு விடுகிற காற்றில் ஓசோன் அதிகமானால் அது நுரையீரலுக்குக் கேடு. நல்ல கடல்காற்று என்று சொன்னால் போதாதா?

தங்குவதற்கு நான் காரைக்காலைச் சொல்வேன். (காரைக்கால் என்றதும் சிரிக்கிற ஆண்களே, பாட்டிலைத் தாண்டியும் அங்கே ஊர் இருக்கிறது.) புதுச்சேரி மாதிரி மஞ்சள் சுவர் வீதிகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்குகிற வீடுகளும் பழைய தேவாலயமும்தான் அந்தக் காலத்தின் மிச்சம். ஆனால் கடற்கரைக்குப் போகும் வழி இருக்கிறதே, அது புதுச்சேரியில் கிடையாது. ஒரு பக்கம் அரசலாறு, அதில் கட்டிக்கிடக்கும் படகுகள், நேர் எதிரே கடல். ஆற்றோரமாகவே நடந்து கடலுக்குப் போகலாம். வெள்ளி, சனியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பக்கத்துத் திருநள்ளாற்றுச் சனீஸ்வரனைப் பார்க்க வரும் கூட்டத்தில் லாட்ஜ்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுவார்கள். ஒருமுறை ஒரு லாட்ஜில் வெள்ளிக்கிழமை என்பதற்காகவே இரண்டு மடங்கு கேட்டார்கள். பாத்ரூமில் குழாய் மட்டும் வழக்கம்போல் ஒழுகியது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாகூர். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்தது. அதைப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள தெருக்களில் இறால் பதித்துச் சுட்ட வாடா வாங்கித் தின்றுவிட்டு, சில்லடிக் கடற்கரையில் போய் உட்காருங்கள்.

மீன் ஆசையோடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் போகாது. மேயில் நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும், வலை பின்னுகிற கைகள்தான் ஓடிக்கொண்டிருக்கும். சந்தையில் சங்கரா விலை கேட்டு நான் முழித்தபோது அந்த அக்கா சொன்னார்: "இது நாட்டுப்படகு மீன் தம்பி. காலையில பிடிச்சது. ஐஸ் பாக்காத மீனு. விலை பாத்தா நாக்குக்கு ஆவாது." வாங்கினேன். அக்கா சொன்னது சரிதான்.

குளிப்பதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது கோவா மாதிரி கால் எட்டும் கடல் இல்லை. சட்டென்று ஆழம் இறங்கும், திரும்பும் அலை இழுக்கும். வேளாங்கண்ணியிலும் பூம்புகாரிலும் வெளியூர்ப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த செய்தியைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். முழங்கால் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் வீட்டுப் பெரியவர்கள் அமாவாசை முழுக்குக்கு மட்டும்தான் கடலைத் தேடுகிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை.

அதே சமயம் குறையும் நிறைய. உட்கார நிழல் கிடையாது. பெண்கள் உடைமாற்ற இடம் தேடி அலைய வேண்டும். எட்டரைக்கு மேல் பஸ்ஸை நம்பிக் கரையில் உட்கார முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட முடிகிற அரசுகளுக்குத் தரங்கம்பாடியிலிருந்து காரைக்காலுக்கு ஒரு ராத்திரி பஸ் விட முடியாதா?

மேயில் முடியாதவர்கள் ஆனிப் பௌர்ணமிக்குப் போங்கள், காரைக்காலில் மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையார் வணிகர் வீட்டுப் பெண், மாப்பிள்ளை நாகப்பட்டினத்து வணிகர் மகன். கணவன் கேட்ட மாம்பழத்தைச் சிவனிடம் வேண்டி அவர் வரவழைத்தார் என்பது கதை, அந்த மாம்பழம்தான் விழா. பிச்சாண்டவர் (பிச்சை எடுக்கும் கோலத்துச் சிவன்) வீதி வரும்போது மாடியில் நிற்பவர்கள் மாம்பழத்தை வாரி இறைப்பார்கள், கீழே சாதி மதம் பார்க்காமல் துணியை விரித்துப் பிடிப்பார்கள். தடைக்காலமும் முடிந்து மீன் மலிந்திருக்கும். அன்றைக்குக் காரைக்காலில் ரூம் கிடைப்பது கஷ்டம். நாகூரில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.