360 நாள் கணக்கு

ரயில்வே தினக்கூலிகள் பற்றிய கட்டுரை, 1985 இந்தர்பால் யாதவ் தீர்ப்பை ஒரே வரியில் தாண்டிவிட்டதே! திட்டப் பணியில் (புதிய பாதை, பாலம் போன்ற கட்டுமானத்தில்) தொடர்ந்து 360 நாள் உழைத்தவர்களுக்குத் தற்காலிக ஊழியர் அந்தஸ்து என்ற திட்டத்தை ஏற்ற உச்ச நீதிமன்றம், தகுதித் தேதியை 1984-லிருந்து 1981 ஜனவரி 1-க்குப் பின்னோக்கி இழுத்தது. இடையில் வேலை போனவர்களும் அதனால் உள்ளே வந்தார்கள்; பலருக்குச் சோறு போட்டது அந்த மூன்று வருஷம்தான்.

குன்னூரில் எங்கள் சித்தப்பாவும் தினக்கூலிதான். கல்லாறுக்கு மேலே நீலகிரி மலை ரயிலின் பல்சக்கரப் பாதையில் மண் சரிந்தால், ராத்திரியே சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடப்பாரையோடு கிளம்பிவிடுவார். அது திட்டப் பணியா, பராமரிப்பா என்பதே தனிப் பஞ்சாயத்து. 360 நாளை நிரூபிக்க வக்கீல் முதலில் கேட்டது வேலை அட்டையை. அது மழையில் நைந்து எப்போதோ போய்விட்டது. அட்டை கடித்த தழும்புதான் இன்னும் காலில் இருக்கிறது.