குழாயை முகர்ந்து பார்த்தால் மட்டும் போதுமா?

இலங்கையில் வாகன லைசன் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழ் வேண்டும். 2008இலிருந்து இதுதான் நடைமுறை. பெற்றோல் வண்டியென்றால் சைலன்சர் குழாய்க்குள் கருவியை விட்டுக் காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும் எவ்வளவு என்று பார்ப்பார்கள். டீசல் என்றால் அக்சிலேட்டரை மிதித்துப் புகையின் கருமையை அளப்பார்கள். கொஞ்ச நேர வேலை. அப்புறம் ஒரு வருடத்துக்குக் கேட்பார் இல்லை.

வண்டியே தன் வருத்தத்தை எழுதி வைத்திருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் வாசிப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு சொக்கெட் இருக்கும். வண்டியின் கொம்பியூட்டர் குறித்து வைத்த பிழைகளை வாசிக்க மெக்கானிக் ஸ்கேனர் குத்துகிற இடம். அமெரிக்காவில் 1996 முதல், ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001 முதல் இந்த ஏற்பாடு கட்டாயம். மெக்கானிக்கின் வசதிக்காக அல்ல, காற்று கெடாமல் இருக்கத்தான் அந்தச் சட்டம் வந்தது.

புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கிற கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைப் பாருங்கள். அதற்கு முன்னால் ஓர் ஒக்சிசன் சென்சர், பின்னால் இன்னொன்று. முன்னால் இருப்பதன் அளவு ஓயாமல் ஏறி இறங்கும். கொன்வேர்ட்டர் நல்லதென்றால் பின்னால் இருப்பது பெரிதாக அசையாது. கொன்வேர்ட்டர் செத்துவிட்டால் பின் சென்சரும் முன்னதோடு சேர்ந்து ஆடத் தொடங்கும். கொம்பியூட்டர் இதைக் கவனித்து பி0420 என்று ஒரு பிழைக் கோடு (code) எழுதி மஞ்சள் எஞ்சின் லைட்டைப் போடும். லைட் விட்டுவிட்டு மின்னினால் இன்னும் மோசம்: எரியாத பெற்றோல் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்குகிறது என்று அர்த்தம்.

நம்மூர்க் கராஜ்களில் இதற்கு நடக்கும் வைத்தியம் தெரியுமா? "சென்சர் பிழை அண்ணா, ஓடுறதுக்கு ஒண்டும் செய்யாது" என்று சொல்லி, ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டுக் காசு வாங்குவார்கள். சில நாளில் லைட் திரும்ப வரும். சில இடங்களில் கொன்வேர்ட்டரின் உள்ளீட்டையே எடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பூட்டி விடுகிறார்கள். உள்ளே பிளாட்டினமும் பலேடியமும் இருக்கிறது, சும்மா விடுவார்களா?

ஆனால் கோடை அழித்தால் வண்டியின் சுயசோதனைகளும் "இன்னும் முடிவடையவில்லை" என்ற நிலைக்குப் போய்விடும். ஸ்கேனர் குத்தினால் அந்தக் கள்ளமும் பிடிபடும். குழாயில் பிடிபடாது. அதுவும் நைட்ரஜன் ஒக்சைட்டு என்ற நச்சு வாயு எஞ்சின் பாரம் இழுக்கும்போது கூடுவது. நின்ற வண்டியில் அதை எங்கே பிடிக்க?

நமக்குப் பழைய கார் அனுப்புகிற ஜப்பானிலேயே, புதிய கார்களின் பரிசோதனையில் கொம்பியூட்டர் வாசிப்பையும் 2024 ஒக்டோபரில் சேர்த்துவிட்டார்கள்.

அதற்காகக் குழாய்ச் சோதனையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கொம்பியூட்டருக்கும் பொய் சொல்லப் பழக்கலாம் என்று 2015இல் வொக்ஸ்வாகன் காட்டியது. சோதனை நடப்பதை அறிந்து வேறு மாதிரி ஓடிய அந்தக் கார்களின் குட்டு, கருவி பூட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோதுதான் உடைந்தது. திருகோணமலையில் பல ஓட்டோவுக்கும் மீன் லொறிக்கும் அந்தச் சொக்கெட்டே கிடையாது. இங்கே அநுராதபுரச் சந்தியில் பழைய பஸ் கக்கும் கரும்புகையைக் கண்டுபிடிக்க ஸ்கேனரும் தேவையில்லை.

"கடல் காத்து அள்ளிக்கொண்டு போயிடும்" என்பார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் நாள் முழுக்க ஓட்டோ ஓடுகிற தம்பியிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

சரி, நாளைக்கே லைட் எரிகிற வண்டியையெல்லாம் ஃபெயிலாக்கு என்றால் அதுவும் அநியாயம். புதுக் கொன்வேர்ட்டர் விலை கேட்டவருக்குத் தெரியும். முதலில் ஓரிரு வருடம் கோடுகளை வாசித்துச் சான்றிதழிலேயே அச்சடித்துக் கொடுக்கட்டும். சொந்தக்காரருக்குத் தெரியும், வாங்கப் போகிறவருக்கும் தெரியும்.

அதுவரை, பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் பண்ணுங்கள். மஞ்சள் எஞ்சின் லைட் எரிய வேண்டும், ஸ்டார்ட் பண்ணியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம். ஸ்கேன் பண்ணிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.