அந்த மூன்று நாய்கள்

அந்த வீடியோவைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று நான்காவது ஆளும் வந்து "உனக்கு நாயைக் கண்டாலே ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனபிறகு முடியவில்லை.

வீடியோவில் ஒருவர் கார் டிக்கியைத் திறந்து மூன்று தெருநாய்களைக் காட்டோரம் இறக்கிவிட்டு, பிஸ்கட் போட்டு, "இனி சுதந்திரமா இருங்கடா செல்லங்களா" என்று டாட்டா வேறு. புல்லாங்குழல் இசை. ஆயிரக்கணக்கில் இதயக்குறி. நான் சொன்னது ஒன்றே ஒன்று: நாயைக் காட்டோரம் விடாதீர்கள்.

காரணம் டிஸ்டெம்பர், நாய்களுக்கு வரும் ஒரு வைரஸ் நோய். அந்த வைரஸ் தட்டம்மை வைரஸின் சொந்தக்காரன். மூச்சிலும் சளியிலும் பரவும், குணப்படுத்த மருந்து கிடையாது. எங்கள் ஊரில் செந்நாய் அடித்த மான் மிச்சத்தைக் காலையில் ஊர்நாய் மோந்துகொண்டு நிற்கும். நாயிடமிருந்து காட்டு விலங்குக்குத் தொற்ற அவ்வளவு நெருக்கம் போதும். 2018 செப்டம்பரில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரத்துக்குள் 23 சிங்கங்கள் செத்ததும், சிலவற்றின் உடலில் இந்த வைரஸ் இருந்ததும், அமெரிக்காவிலிருந்து அவசரமாகத் தடுப்பூசி வந்ததும் மறந்துபோச்சா? 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் இதே நோயில் செத்தது ஏறக்குறைய ஆயிரம் சிங்கம், அங்கிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு.

"காதில் வெட்டு இருக்கே, ஊசி போட்ட நாய்தான்" என்கிறார் ஒருவர். ஐயா, அந்த வெட்டு கருத்தடைக்கு, கூடவே போடுவது வெறிநோய் ஊசி. டிஸ்டெம்பருக்கு வேறு ஊசி. இன்னொருவர், ரஷ்யப் புலிகளுக்கு இந்த நோய் நாயைவிடக் காட்டு விலங்குகளிடமிருந்துதான் அதிகம் வந்தது என்று ஆய்வோடு வந்தார். சரி, இருக்கட்டும். அதற்காக நாமும் நம் பங்குக்கு டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய் விடணுமா? நாயைக் காட்டோரம் விடாதீர்கள், மறுபடியும் அதேதான்.

நாய் பிடிக்காதவனாம். எங்கள் நாய் மணி இதே டிஸ்டெம்பரில் செத்து ஆறு வருஷம் ஆகிறது. முதலில் கண்ணில் பீளை, மூக்கில் சளி, ஏதோ ஜலதோஷம் என்று நினைத்தோம். அப்புறம் பாதம் காய்ந்து செருப்புத் தோல்மாதிரி ஆனது. கடைசி நான்கு நாள் வாயில் எதையோ மெல்லுவதுபோல் தாடை வெட்டிக்கொண்டே இருந்தது, வாயில் ஒன்றுமே இல்லை. மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவன் நான். ஊசியை அடுத்த மாதம் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போட்டவனும் நான்தான், இதையும் எழுதிவிடுகிறேன், வசதியாகத் திட்டுங்கள்.

திட்டுவதற்குமுன் அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். கடைசியாக இறங்குகிறதே ஒரு கறுப்பு நாய், பிஸ்கட்டைத் தொடாமல் நிற்கும். அதன் கண்ணைப் பாருங்கள்.