பர்க் பார்த்திராத ஏரிகளும் பழமைவாதத்தின் வேர்களும்

1785 பிப்ரவரி 28 அன்று, பழமைவாதச் சிந்தனையின் தந்தை எனப்படும் எட்மண்ட் பர்க் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஒரு நீண்ட உரை ஆற்றினார். நவாப் முகமது அலிக்கு அநியாய வட்டிக்குக் கடன் கொடுத்திருந்த வெள்ளைக்காரர்கள், அந்தக் கடனைக் கர்நாடகத்து நிலவரியிலிருந்து வசூலித்துக்கொள்ள லண்டன் அரசு இசைந்ததை எதிர்த்த உரை அது. (அன்றைய கர்நாடகம் என்பது ஆற்காட்டைச் சுற்றிய நம் தமிழ் நிலம், நான் இப்போது குடியிருக்கும் மாநிலம் அன்று.) கடன் கணக்குகளுக்கு நடுவே பர்க் திடீரென்று ஏரிகளைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவையுமாகப் பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாது என்கிறார். அவற்றை வெட்டுவித்தவர்களே மெய்யான அரசர்கள் என்றும், தங்கள் ஆயுளுக்குள் அடங்காத கொடையைப் பின்வரும் தலைமுறைகளுக்குத் தம் சொந்தப் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பதுபோல் எழுதிவைத்தவர்கள் என்றும் போற்றுகிறார். இத்தனைக்கும் அவர் இந்தியாவுக்கு ஒருநாளும் வந்தவரல்லர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1790இல், பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதிய நூலில்தான் அவருடைய புகழ்பெற்ற வாசகம் வருகிறது: சமூகம் என்பது வாழ்கிறவர்கள், மறைந்தவர்கள், இனிப் பிறக்கப் போகிறவர்கள் ஆகிய மூவருக்கும் இடையிலான ஒரு கூட்டு. பழமைவாதம் பற்றிய எந்த அறிமுகமும் இந்த வாசகத்திலிருந்துதான் தொடங்கும். அதற்கு முன்னரே அவர் நம் ஏரிக்கரையில் நின்று அதைச் சிந்தித்துவிட்டார் என்பதைத் தமிழர்கள் கவனிப்பதில்லை. நமக்கும் இது புதிய சிந்தனையன்று. மறுமையில் செல்வம் வேண்டுமா, இம்மையில் அரசும் புகழும் வேண்டுமா, எது வேண்டினும் நீர்நிலையைப் பெருக்கு என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்னது புறநானூற்றின் 18ஆம் பாட்டு.

பெங்களூரில் நாங்கள் சிலர் கூடிப் பேசும்போது, பழமைவாதம் என்றவுடன் சாதியையும் சொத்தையும் காப்பாற்ற நினைப்பவர்களின் சாக்கு என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன். ஆனால் பழமைவாதம், அதாவது மரபுவாதம், என்ற சிந்தனை சொத்திலிருந்து பிறந்ததில்லை என்பதும், அது இரண்டு சமய நம்பிக்கைகளை வேராகக் கொண்டது என்பதும், அந்த வேர்களை வெட்டிவிட்டால்தான் அது வெறும் சொத்துக் காவலாகச் சுருங்கிப்போகிறது என்பதும் என் கருத்து.

முதல் வேர், மனிதன் தன் முயற்சியால் மட்டுமே முழுமை அடைய முடியாதவன் என்பது. கி.பி. 410இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபின் கிறித்தவ இறையியலாளர் புனித அகஸ்டின் எழுதத் தொடங்கிய பெருநூலின் மையம் அதுதான்: மண்ணில் எந்த அரசும் கடவுளின் நகரம் ஆகிவிடாது, ஏனெனில் அதை ஆளுகிறவனும் ஆளப்படுகிறவனும் பாவத்தில் வீழ்ந்த பிறவிகள். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. செம்பில் களிம்புபோல ஆணவ மலம் என்ற அழுக்கு உயிரோடு ஒட்டியிருக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது, அகஸ்டினைவிட ஒருபடி மேலே போகிறார்கள். அவருக்கு அது ஆதாமின் வீழ்ச்சியால் வந்தது. சித்தாந்திக்கு அது தொடக்கமே இல்லாதது. திருவருள் இன்றி அது நீங்காது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இதிலிருந்து அரசியலுக்கு வரும் முடிவு எளியது: மனிதனை மாற்றி எழுதிவிடுவேன் என்று கிளம்பும் எந்தச் சட்டமும், எந்தக் கட்சியும், தனக்குள்ளேயே இருக்கும் அந்தக் களிம்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது வேர், நமக்குக் கிடைத்த உலகம் நம் உடைமையன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற நம்பிக்கை. பர்க்கின் கூட்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்தான வணிக ஒப்பந்தமன்று. படைத்தவன் வகுத்த ஒழுங்கின் ஒரு பகுதியாகவே அவர் அதைக் கண்டார். அதனால்தான் அரசின் குறைகளை ஒரு தந்தையின் காயங்களை அணுகுவதுபோல் பயபக்தியோடு அணுக வேண்டும் என்றார். காயத்தைப் பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறுவதற்கு வழியில்லாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை என்று அதே நூலில் எழுதியவரும் அவர்தான். வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான குற்ற விசாரணையில், இடத்துக்கு இடம் அறம் மாறும் என்ற வாதத்தை அவர் ஏளனம் செய்ததும் இந்த நம்பிக்கையால்தான். கடவுளின் சட்டம் லண்டனுக்கு ஒன்று, காசிக்கு ஒன்று என்று இருக்க முடியாது. 1788இல் தொடங்கிய அந்த விசாரணை 1795இல் ஹேஸ்டிங்ஸின் விடுதலையில் முடிந்தது வேறு கதை.

பர்க்குக்கு இருநூறு ஆண்டுகள் முன்பே, 1590களில், ஆங்கிலத் திருச்சபையின் ரிச்சர்ட் ஹூக்கர் இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டுவிட்டார். அவர் யாரோடு வாதிட்டார் என்பதுதான் எனக்கு மிகவும் சுவையான செய்தி. அவருடைய எதிரிகள் நாத்திகர்கள் அல்லர். கடும் பக்திமான்களான பியூரிட்டன்கள். வேதாகமத்தில் எழுதியிருப்பது மட்டுமே திருச்சபையின் அமைப்பாக இருக்க வேண்டும், மற்ற வழக்கங்களையெல்லாம் தூக்கியெறிய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. இறைவன் நூலில் மட்டும் பேசவில்லை, இயற்கையிலும் மனித அறிவிலும் நெடுநாள் வழக்கத்திலும் பேசுகிறான் என்று ஹூக்கர் விடையளித்தார். ஆக, மரபுவாதத்தின் முதற்போர் மதத்தின் பெயரால் மரபை இடிக்க வந்தவர்களோடு நடந்தது. இன்று தூய மூலத்துக்குத் திரும்புவோம் என்று முழங்கி, நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் வழிபாட்டையும் கட்டடத்தையும் அண்டை வீட்டு உறவையும் உடைக்கக் கிளம்புகிறவர்கள் தங்களை மரபின் காவலர் என்று அழைத்துக்கொள்ளும்போது, அவர்களை ஹூக்கரின் பக்கத்தில் அல்ல, 1793இல் ஞாயிற்றுக்கிழமையையே ஒழித்துப் பத்து நாள் வாரத்தைப் புகுத்திய பிரெஞ்சுப் புரட்சியாளர்களின் பக்கத்தில்தான் என்னால் உட்கார வைக்க முடிகிறது. அந்த நாட்காட்டி 1806 பிறந்தபோது கைவிடப்பட்டது.

கடவுளே வேண்டாம், ஐயமே போதும் என்ற தத்துவவாதிகளான ஹியூம், ஓக்‌ஷாட் வழியும் இந்த மரபில் உண்டு. அறிவின் எல்லையை உணர்ந்தவன் பழகியதைக் கைவிடத் தயங்குவான் என்பது அவர்கள் வாதம். மறுக்க முடியாத வாதம்தான், ஆனால் பழகிய அநீதியைக் கைவிடவும் அதே தயக்கம் வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம் சவாய் நாட்டின் ஜோசப் தெ மேஸ்திர், புரட்சியின் குருதியைக் கடவுளின் தண்டனையாகவே கண்டு, அரியணையையும் பலிபீடத்தையும் ஒன்றாகக் கட்டினார். அவரைப் படிக்கும்போது வியப்பு வருகிறது, பக்தி வருவதில்லை.

மரபு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதற்கு இந்த ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கண்டீரவா மைதானம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் கரகத் திருவிழாவுக்கு அந்த நீர் வேண்டும் என்பதால், ஏரி போனபின்னும் மைதானத்தை ஒட்டி ஒரு சிறு குளம் மட்டும் விடப்பட்டிருக்கிறது. தர்மராயசுவாமி கோயிலிலிருந்து புறப்படும் கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுதான் மேலே செல்கிறது. மல்லிகைப் பூக்கூம்பாக அசையும் அந்தக் கரகத்தை நள்ளிரவு தாண்டிப் பேட்டைத் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு, திரௌபதி அம்மன் வழிபாடு வட ஆற்காட்டிலிருந்து இங்கே எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பது புரியும். நகரத் திட்டம் போட்டவர்களால் காக்க முடியாததை ஒரு சடங்கு காத்தது. ஆனால் அது காத்தது குளத்தைத்தான். அந்த ஏரி நீரை நம்பித் தோட்டம் வைத்திருந்த திகளர்களின் பிழைப்பை அது காக்கவில்லை.

இப்போது அந்தப் பாதி உண்மைக்கு வருகிறேன். பர்க்கின் நூல் வெளியான மறு ஆண்டே தாமஸ் பெய்ன், அவர் பறவையின் இறகுக்கு இரங்கிச் சாகும் பறவையை மறந்தார், அதாவது அரசவையின் பகட்டுக்கு இரங்கி மக்களின் துயரை மறந்தார், என்று எழுதினார். நம் நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அம்பேத்கர், ஆனால் அவர் கேட்ட விதம் பெய்னுடையதன்று. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடு கைவிடப்பட்டதால் தானே அச்சிட்ட உரையில், சாதிக்கு அடிப்படையான சாத்திர அதிகாரத்தைத் தகர்க்க வேண்டும் என்று வாதிட்டுவிட்டு, மெய்யான சமயமே சமூகத்தின் அடித்தளம் என்ற பர்க்கின் கூற்றைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறார். விதிகளின் மதம் வேண்டாம், கொள்கைகளின் மதம் வேண்டும் என்பது அவர் பிரித்துக் காட்டிய கோடு. பர்க்கை முழுதாக ஒதுக்கும் என் முற்போக்கு நண்பர்களும், அம்பேத்கரை வெறும் இடிப்பவராகக் காட்டும் என் பக்தி நண்பர்களும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரின் வழி இன்னும் வியப்பானது. அவருடைய சாக்கிய பௌத்த சங்கம், இங்கிருந்து அதிக தூரமில்லாத கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில், தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர்களிடையே வேர்பிடித்தது. மரபே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் மரபு உங்களுடையதைவிடப் பழையது, நாங்கள் பூர்வ பௌத்தர்கள் என்றார். அவர் சொன்ன வரலாற்றின் ஒவ்வொரு வரியையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் மறைந்தவர்களுக்கும் கூட்டில் பங்கு உண்டென்றால், அந்த மறைந்தவர்களில் தம் முன்னோரும் உண்டு என்று வழக்குத் தொடுத்தவர் அவர்.

14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம், தொன்மையானவை என்பதாலேயே எல்லாம் நன்றாகா, இன்று தோன்றியவை என்பதாலேயே எல்லாம் தீதாகா என்று தம் சிவப்பிரகாசத்தில் எழுதிவைத்தார். சைவ மரபுக்குள் நின்றே அவர் இதைச் சொன்னார் என்பதால், மரபுவாதி ஒருவர் இதற்கு உடன்படுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. என்னைப் பொறுத்தவரை, களிம்பு எல்லோரிடமும் இருக்கிறது என்று சொல்பவர் அது மேல்சாதியின் வழக்கங்களிலும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளட்டும், மூவர் கூட்டில் மாரிகுப்பத்துத் தொழிலாளியின் பாட்டனுக்கும் பேத்திக்கும் பங்கு எழுதட்டும். அதன்பின் அவரோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேச எனக்குத் தடையில்லை. அதற்கு முன் அவர் பர்க்கை மேற்கோள் காட்டுவதை நான் பொருட்படுத்துவதாக இல்லை.